பேத்தியின் இரும்புச் சொட்டு மருந்து

மயிலாப்பூர் மகாஜனங்களே, இதை ஒருவரும் நம்பப் போவதில்லை.

ரத்தசோகை வராமலிருக்க டாக்டர் எழுதித் தந்த இரும்புச் சொட்டு மருந்தைக் குடித்த என் பேத்தி, இன்று காலை ஜன்னல் கம்பியை வளைத்தாள். பீரோ அவளை நோக்கி நகர்ந்தது.

பிறகு டயப்பரைப் பிரித்தால், உள்ளே கன்னங்கரேல்.

சாஃப்ட்வேர் இன்ஜினியரான மாப்பிள்ளை உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்.

"நெடியே வரல மாமா. பெரிய திருஷ்டி. இனிமே அந்த மருந்தே வேணாம்."

டாக்டருக்குப் போன் போட்டேன்.

"இரும்பு குடுத்தா கறுப்பாத்தான் சார் போகும். பயப்படாதீங்க, மருந்த மட்டும் நிறுத்திடாதீங்க."

மாப்பிள்ளை போய்ச் சொட்டு மருந்தை எடுத்து வந்தார்.

கம்பியும் பீரோவும் என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் நிஜம், இன்ஜினியர் மிளகாய் சுற்றியதும்தான். உங்கள் வீட்டு மாப்பிள்ளை எப்படி?