பூத்துக்குப் பூசிய பவுடர்

தோஹாவில், என் அறைக்குக் கீழே இருக்கும் கடையில் இன்று ஒரு ரோஜாப் பவுடர் டப்பாவைத் திறந்து முகர்ந்ததும், சிறுவயதில் பார்த்த தவளக்குப்பம் கூட்டுரோட்டு எஸ்டிடி பூத்துக்குள் போய் நின்றுவிட்டேன். ஒருவர் நிற்கவே இடம் போதாத அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மா, தம்பி, நான் எல்லோரும் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால் கடலூர் பஸ்ஸின் ஹாரன்கூட எங்கோ தூரத்தில் கேட்கும். ஃபேன் கிடையாது, வியர்வையில் பவுடர் கரைந்து ரிசீவரெல்லாம் மணக்கும். வெள்ளிக்கிழமைதோறும் குவைத்திலிருந்து அத்தா அங்கேதான் கூப்பிடுவார். "அத்தாவப் பாக்கப் போறோம், மூஞ்சி கழுவிக்கினு வாங்க" என்று அம்மா எங்களுக்குத் தலை வாரி, பவுடர் பூசி, பெருநாளுக்கு எடுத்த துணியை மாட்டி, தானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் கிளம்புவாள். போனில் முகம் தெரியாதே என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அத்தாவும் எடுத்தவுடன், "இன்னா கலர் துணிடா போட்டுக்கினு வந்திருக்கீங்க?" என்றுதான் கேட்பார்.

பூத் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். வில்லியனூரில் என் கணவர் மகளைப் பார்த்துக்கொள்ள, நான் இங்கே நர்ஸ் வேலை பார்க்கிறேன். வாங்கிய பவுடரைப் பூசி, இருப்பதில் நல்ல துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டேன். தலைகூட வாராமல், வாயில் பேஸ்ட் நுரையோடு வந்து நின்ற மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாமா, எங்க கெளம்பிட்ட?"

"நம்ம வூட்டுக்குத்தான்டி" என்றேன்.