அம்மாளின் பெயரால் ஒரு கடிதம்

அந்தக் கடிதத்தைக் கண்டவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு அழகான எழுத்து. ஒரு வெட்டுக் கொத்து இல்லை. உண்மையைச் சொல்கிற ஆள் இவ்வளவு கவனமாகவா எழுதும்?

அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் லீவுக் கடிதம் வாசித்தவன் நான். பென்ஷன் எடுத்த பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நிர்வாக வேலை. கதிரை மாறியது... கண் மாறவில்லை.

விஷயம் இதுதான். போன வருடம் எங்கள் பிள்ளைகள் வார்ட்டில் ஒரு ஊழியருக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்தது. அவரிடமிருந்து இரண்டு கைக்குழந்தைகளுக்குத் தொற்றியது. பிள்ளைகள் தப்பியது எங்கள் நல்ல காலம். அடுத்த கிழமையே பணிப்பாளர் சட்டம் போட்டார். இதுவரை கொப்புளிப்பான் வராத வார்ட் ஊழியர்கள் எல்லோரும் ஒரு மாதத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும். மறுத்தால் வேலை இல்லை. சமயக் காரணம் இருந்தால் எழுதித் தரலாம். நானும் மேட்ரன் திரேசா மிஸ்ஸியும் விசாரித்து, அந்த நம்பிக்கை உண்மையானதுதானா என்று சொல்ல வேண்டும்.

நம்பிக்கையை எப்படி விசாரிப்பது? எந்த மெஷினில் வைத்துப் பார்ப்பது? பணிப்பாளர் அதைச் சொல்லவில்லை.

வந்தது ஒரேயொரு கடிதம். எழுதியவர் சுகந்தி, வார்ட் உதவியாளர். முப்பத்துநாலு வயது, வல்வெட்டித்துறை, கணவர் கடலுக்குப் போகிறவர். வேலைக்கு வந்து நாலு மாதம்தான். 'கொப்புளிப்பான் எங்களுக்கு நோயல்ல, அம்மாள் வீட்டுக்கு வருவது. அவ வருவதை ஊசி போட்டு மறிப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை' என்று எழுதியிருந்தார்.

ஃபைலைத் திறந்தேன். உள்ளே கோவிட் தடுப்பூசி அட்டை. மூன்று ஊசியும் போட்டிருக்கிறார்!

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். மிஸ்ஸியும் பக்கத்தில் இருந்தா.

"கோவிட் ஊசி மூண்டும் போட்டிருக்கிறீர்."

"ஓம் சேர்."

"அதுக்கு அம்மாள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அது வேறை வருத்தம் சேர். இதுதான் அம்மாள்."

பதில் சரியாகத்தான் இருந்தது. அதனால் என் சந்தேகம் இன்னும் கூடியது. சரியான பதிலைத் தயாராக வைத்திருப்பது யார்?

அன்று பின்னேரம் வல்வெட்டித்துறையில் இருக்கும் பழைய நண்பருக்குப் போன் எடுத்தேன். பெயர் சொல்லவில்லை, அம்மாளுக்காகக் கொப்புளிப்பான் ஊசி போடாத வழக்கம் அங்கே உண்டோ என்று பொதுவாகத்தான் விசாரித்தேன். மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன கதை கதைக்கிறாய்? எங்கடை அம்மன் கோயில் ஐயரே தன்ரை பேரப்பிள்ளையளுக்கு உந்த ஊசி போட்டவர்."

இது போதாதா? மறுநாள் சுகந்தியைத் திரும்பவும் கூப்பிட்டேன். கோர்ட்டு லோயர் போல நிமிர்ந்து இருந்துகொண்டு ஐயரின் கதையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் — மறைக்க விரும்பவில்லை.

சுகந்தி தலை குனிந்தபடி நின்றார். வாக்குவாதம் இல்லை. அழுகையும் இல்லை.

"அப்ப வேலையை விடுறன் சேர்."

நான் எதிர்பாராதது இது. பொய்க்காரர் மாட்டுப்பட்டால் இன்னொரு பொய் சொல்வார்கள், மன்னிப்புக் கேட்பார்கள். ஒரு ஊசிக்குப் பயந்து வேலையை விடுகிறவர் யார்?

அப்போதுதான் பக்கத்தில் இருந்த மிஸ்ஸி வாய் திறந்தா. சொன்னது எனக்கு.

"சேர், ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோவன்."

குருநகர்க்காரி. முப்பது வருடம் வார்ட் நடத்தியவ. அவ அப்படிச் சொன்னால் போகத்தான் வேண்டும். கன்ரீனில் தேத்தண்ணி ஆறும்வரை இருந்தேன். திரும்பி வந்தபோது சுகந்தி கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தார். மிஸ்ஸி கதவைச் சாத்தினா.

"மூண்டாம் மாசம் சேர்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அந்த ஊசிதான் நினைவுக்கு வந்தது. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து ஏற்றுகிற ஊசி அது, பிள்ளைத்தாச்சிகளுக்குப் போடுவதில்லை. அதனால் போடுவதற்கு முன்னால் வயிற்றில் பிள்ளை உண்டோ என்று கட்டாயம் கேட்பார்கள். சுகந்தி ஒளித்தது அந்தக் கேள்விக்கு.

"உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்று மிஸ்ஸியைக் கேட்டேன்.

"ரெண்டு கிழமையா எக்ஸ்ரே அறைக்குப் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போக மாட்டன் எண்டுறா. அதுக்குப் பதிலா மற்றவையின்ரை கக்கூஸ் கழுவுற வேலையை வாங்கிச் செய்யிறா. உதையும் அம்மாளோ சொன்னவ?"

நான் ஃபைலைப் பார்த்தேன். மிஸ்ஸி ஆளைப் பார்த்திருக்கிறா.

"இதைச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை?" என்றேன்.

சுகந்தி முகத்தைத் துடைத்தார். "வேலைக்குச் சேரேக்கை ஒரு தாள் தந்தனீங்கள்தானே சேர். தகுதிகாண் காலம் ஆறு மாசத்துக்குள்ளை பிள்ளை உண்டாகினா நிப்பாட்டுவம் எண்டு. கையெழுத்து வைச்சனான்."

தந்தது நான்தான். டைப் அடிக்கக் கொடுத்ததும் நான்தான். இதுவரை எத்தனை பெண்களிடம் அதில் கையெழுத்து வாங்கியிருப்பேன்? ஒருநாளும் யோசிக்கவில்லை.

"கலியாணம் முடிச்சு ஒம்பது வருசம் சேர். ரெண்டு தரம் கலைஞ்சு போச்சு. உண்மையைச் சொன்னா வேலை போகும், ஊசி போட்டா பிள்ளைக்கு என்ன ஆகுமோ... சாமியைச் சொன்னா ஒருத்தரும் தோண்டமாட்டினம் எண்டு நினைச்சன்."

தோண்ட ஒருத்தன் இருந்திருக்கிறேன்.

"அப்ப அம்மாள் கதை பொய்யோ?"

"அரைவாசி சேர். இந்தப் பிள்ளைக்கு அவவுக்குத்தான் நேர்ந்திருக்கிறன்."

மிஸ்ஸிக்கு வேறு பயம். "கொப்புளிப்பான் வராத ஆள், வயித்திலை பிள்ளையோடை அந்த வார்ட்டிலை நிண்டிருக்கிறா. நாளைக்கில்லை, இண்டைக்கே மாத்துங்கோ." அன்று மத்தியானமே சுகந்தியைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினேன்.

இனி அறிக்கை. உண்மையை எழுதினால் பணிப்பாளர் அந்தத் தாளைத் தேடி எடுப்பார். கடைசியில், 'விண்ணப்பதாரியின் சமய நம்பிக்கை உண்மையானது எனத் திருப்தியடைகிறோம்' என்று எழுதினேன். மிஸ்ஸி வாசித்தா, சிலுவை போட்டுக்கொண்டா, கையெழுத்தும் வைத்தா.

தகுதிகாண் காலம் முடிந்த அடுத்த கிழமை பணிப்பாளரிடம் முழுவதையும் சொல்லி, அந்தத் தாளை நிறுத்தச் சொன்னேன். பொய் அறிக்கைக்கு நல்ல ஏச்சு விழுந்தது. பிறகு கேட்டார் — "இனி வாறவையெல்லாம் வந்தவுடனை பிள்ளைத்தாச்சி எண்டு நிக்கப் போகினம். அப்ப என்ன செய்யிறது?"

"எங்களிட்டைச் சொல்லிப்போட்டு நிப்பினம் சேர். உது நல்லதுதானே?"

மூன்று கூட்டம் எடுத்தது. தாள் போய்விட்டது.

சுகந்திக்குப் பெண்பிள்ளை. லீவு முடிந்து இந்த மாதம் வேலைக்குத் திரும்பினார். முதல்நாளே மிஸ்ஸியின் அறைக்குப் போய், தானாகவே கையை நீட்டிக் கொப்புளிப்பான் ஊசி போட்டார். நான் வாசலில் நின்றேன். வாய் சும்மா இருக்குமா?

"அம்மாள் என்ன சொல்லுவா?"

"அவவிட்டைக் கேட்டிட்டுத்தான் வந்தனான் சேர்."

இந்தமுறை நான் விசாரிக்கப் போகவில்லை.