வெள்ளிக்கிழமைகளில் ஓடாத கிரைண்டர்

கல்யாண வீடுகளில் யாராவது "என்னம்மா வேலை செய்யறே?" என்று கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். டெக்னிக்கல் ரைட்டர் என்றால் உடனே, "ஓ, கதை எழுதுவியா?" என்பார்கள். மெஷின் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருக்குமே, பிரிக்காமலேயே குப்பையில் போடுவீர்களே, அதை எழுதுகிறவள் நான் என்று சொல்லிவிட்டுப் பாயசம் வாங்கப் போய்விடுவேன்.

ஷா ஆலமில், சாப்பாட்டுக் கடைகளுக்குப் பெரிய கிரைண்டர் செய்யும் தொழிற்சாலையில் வேலை. முன்பெல்லாம் ஒரு மேனுவல் எழுத மாதக் கணக்கில் ஆகும். இஞ்சினியர்கள் பாதி சொல்லிப் பாதி விழுங்கிவிடுவார்கள்; விழுங்கியதை நான் நச்சரித்து வாங்க வேண்டும். பிறகு ஒரு மென்பொருள் வந்தது. படங்களையும் விவரங்களையும் கொடுத்தால், நான் ஒரு தே தாரிக் டீ குடித்து முடிப்பதற்குள் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் எல்லாவற்றிலும் எழுதித் தள்ளிவிடும். பிழை பார்ப்பது மட்டும் என் வேலை என்றார்கள். பாவி, அதில் பிழையும் இருக்காது!

மேனேஜர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கமாட்டார். "உங்க காண்ட்ராக்ட் இந்த மாசம் முடியுதுலா. ரைட்டர் எதுக்குன்னு மேல கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?" என்றார். நாற்பதைத் தாண்டிய பிறகு எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது?

அந்த வாரமே பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு புகார். வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஓர் அக்கா எங்கள் புது கிரைண்டரை வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் அது ஓடுவதில்லையாம். வேறு நாளில் சர்வீஸ் ஆள் போனால் சமர்த்தாக ஓடுகிறது. மேனுவல்தான் தப்பு என்று போனில் கத்தியிருக்கிறார். "நீங்களே போய்ப் பாருங்க," என்றார் மேனேஜர். மேனுவலில் தப்பு இருந்தால் நான் பிழை பார்த்த லட்சணம் தெரிந்துவிடும். தப்பு இல்லையென்றால் நான் எதற்கு? இரண்டு பக்கமும் இடி.

வெள்ளிக்கிழமை காலை, என் வீடு இருக்கும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறிப் போனேன். அக்கா என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

"கண்ணாடிய தொடைன்னு போட்டிருக்கு, தொடைக்கிறோம். மூடிய மூடுன்னு போட்டிருக்கு, மூடறோம். அப்புறம் என்னதான் வேணுமாம் அதுக்கு?"

"நீங்க எப்பவும் செய்யற மாதிரியே செய்ங்கக்கா. நான் இங்க இல்லன்னு நெனச்சுக்குங்க."

வாயை மூடிக்கொண்டு பார்ப்பது என் தொழிலில் பாதி. என் வாய்க்கு அது சுலபமில்லை.

அக்கா முன்பக்கத்துக் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தார். பளபளவென்று இருந்தது. கற்பூரம் ஏற்றி சாமி படத்துக்குக் காட்டினார், அடுப்புக்குக் காட்டினார், கிரைண்டருக்கும் காட்டினார். பிறகு அதன் முகத்தில், சரியாக அந்தக் கண்ணாடியின் மேலேயே, கெட்டியாகச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தார். பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா!" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கண்ணாடிதான் கிரைண்டரின் கண். குறுக்கே கை வந்தால் நின்றுவிடும். விரல் நசுங்காமல் இருக்க அந்த ஏற்பாடு. சந்தனம் அப்பியிருந்தால் அதற்கு நாள் முழுக்கக் கைதான் தெரியும். ராத்திரி கழுவிவிடுகிறார்கள், சனிக்கிழமை ஓடுகிறது. நாங்கள் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் குடும்பம். எங்கள் வீட்டில் புது மெஷினுக்கு ஜெபம் உண்டு, பொட்டு கிடையாது. நேரில் பார்க்காமல் எனக்கு இது தோன்றியே இருக்காது.

"சாமி காரியத்துல என்னம்மா சிரிப்பு?" என்று அக்கா முறைத்தார். நான் கண்ணாடியைத் துடைத்து அழுத்தினேன். கடகடவென்று ஓடியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். உடனே முகம் வாடிவிட்டது.

"அப்போ பொட்டு வைக்கக்கூடாதா? பொட்டில்லாம எப்படிம்மா இதுல கை வைக்கறது?"

கூடாது என்று மேனுவலில் ஒரு வரி போட்டுவிடலாம். ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். "வைக்கலாம்க்கா. இங்க வைங்க," என்று கண்ணாடிக்கு மேலே ஓர் இடத்தைக் காட்டினேன்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய், கிரைண்டரின் முகத்தில், கண்ணாடிக்கு மேலே, சின்னதாக ஒரு வட்டம் வேண்டும் என்றேன்.

"எதுக்கு?"

"பொட்டு வைக்க."

கதையைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, இத மேனுவல்ல எப்படி எழுதுவீங்க?"

"எழுதவே வேணாம் பாஸ். வட்டத்தப் பாத்தா அவங்களே வச்சிடுவாங்க."

அவர் மேஜைமேல் இருந்த புகார்க் காகிதங்களைப் புரட்டி ஒன்றை உருவினார். "கிள்ளான்ல ஒரு கடையில மூடி மட்டும் அடிக்கடி ஒடையுதாம். அடுத்த மாசம் போய்ப் பாருங்க."

"அடுத்த மாசமா? என் காண்ட்ராக்ட்?"

"அதான் போகச் சொல்றேன்லா!"

வட்டம் போட்ட முதல் முகப்பு அக்கா கடைக்குத்தான் போனது. மாட்டிய வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவின் விரல் நேராக வட்டத்துக்குப் போனது. கிரைண்டர் ஓடியது. விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை, நான் விலகுவதற்குள், என் நெற்றியில் வைத்துவிட்டார்.

"ஒனக்கும் ஓடட்டும்," என்றார்.

ரயில் கிள்ளான் வந்து சேரும்வரை நான் அதைத் துடைக்கவில்லை.