புண்ணாக்குக் கடையில் கேட்ட நாடகம்

என் மனைவி இறந்த பிறகும் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமனார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாடகம் கேட்கத்தான் போனேன். வேறு காரணம் சொன்னால் அது பொய்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஃபிட்டர் வேலை. மாமனாருக்கு வேலந்தாவளத்தில், மாட்டுச் சந்தைக்குப் போகிற வழியில், புண்ணாக்கும் தவிடும் விற்கிற கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. டிவி மெட்ராஸில் வந்துவிட்டதாகப் பேப்பரில் படித்திருந்தோம், அவ்வளவுதான். எங்கள் பக்கம் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்கு எல்லாமே ரேடியோ. மாமனாரிடம் பெரிய மரப்பெட்டி ரேடியோ ஒன்று இருந்தது. கல்லாவுக்கு மேலே பலகை அடித்து, எலி ஏறாதபடி உயரத்தில் வைத்திருந்தார். ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, அதில் ஒரு தொடர் நாடகம் வரும்.

கதை இதுதான். மெட்ராஸில் ஒரு ஒண்டுக்குடித்தன வீடு. வீட்டுக்காரம்மா குடும்பஸ்தர்களுக்கு மட்டும்தான் வாடகைக்கு விடுவாள். ஒரு குமாஸ்தா, மனைவி ஊருக்குப் போயிருக்கிறாள், அடுத்த வாரம் வந்துவிடுவாள் என்று சொல்லி ஓர் அறையைப் பிடித்துவிடுகிறான். மனைவி வருவதே இல்லை. ஒரு வாரம் மாமியார் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொள்வாள். இன்னொரு வாரம் வெள்ளத்தில் தண்டவாளம் போய்விடும். வீட்டுக்காரம்மா குறுக்குக் கேள்வி கேட்கக் கேட்க அவன் புதுசு புதுசாகப் புளுகுவான். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் அறைக்குள் தனியாக இருக்கும்போதும் அவன் அவளிடம் பேசுவான். "இன்னிக்கு ரசத்துல உப்பு ஜாஸ்தி, நீயே சொல்லு" என்பான். அப்போது கடையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அவனுக்கு மனைவி என்று ஒருத்தி இருக்கிறாளா, இல்லையா? நாங்கள் பேசிப் பேசித் தீராத கேள்வி அது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் மனைவி அப்பாவோடு உட்கார்ந்து அதைக் கேட்டுவந்தவள். கல்யாணமான பிறகும் ஞாயிறு காலையில் என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்துவிடுவாள். "அவன் பிராடு. பொண்டாட்டியுமில்ல, ஒண்ணுமில்ல" என்பார் மாமனார். "இருக்கறாப்பா. சண்டை போட்டுட்டுப் போயிருக்கறா" என்பாள் அவள். அப்பனும் மகளும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் புண்ணாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

அந்த வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வரும்போது அவள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை. இறங்கிப் பார்த்தால் கடை வாசல். அத்தை ஒன்றும் கேட்காமல் இலை போட்டார். சாப்பிட்டு முடித்ததும் மாமனார் ஸ்டூல்மேல் ஏறி ரேடியோவைப் போட்டார். வழக்கமாக நாடகம் கேட்க வருகிற மூன்று பேரும் தெருவிலேயே தயங்கி நின்றார்கள். ஒருவர் மாட்டுத் தரகர். ஒருவர் பக்கத்துப் பள்ளிக்கூடத்து மலையாள வாத்தியார், எல்லாருக்கும் அவர் 'மாஷ்'. இன்னொருவர் எதிரே மாவு மில்லில் வேலை பார்க்கிற அக்கா.

"உள்ள வாங்க, ஆரம்பிச்சுருவானுங்க" என்றார் மாமனார்.

அன்றைக்கு வீட்டுக்காரம்மா குமாஸ்தாவிடம் கேட்டாள், "ஏன்யா, உன் பெண்டாட்டி உசுரோடதான் இருக்காளா?" ரேடியோவுக்குள் ஒரு கூட்டமே சிரித்தது. தரகர் தலையைக் குனிந்துகொண்டார். மில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தராசுத் தட்டில் கொஞ்சம் கடலைப் புண்ணாக்குத் தூள் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தம்மா பேசறது ரொம்பத்தான் ஓவராப் போச்சுங்க" என்றார் மாமனார், பொதுவாக.

"ஆமாங்க மாமா" என்றேன்.

அதோடு எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே. அவளைப் பற்றி மாமனாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. குமாஸ்தாவைப் பற்றிப் பேசினோம். நண்பர்கள் சிலர், ஒருதரம் வாய்விட்டு அழுதுவிடு, பாரம் குறையும் என்றார்கள். பாரம் இருந்தால்தானே குறைய? குடியிருந்த வீட்டைக் காலி பண்ணிவிட்டு, கூட வேலை பார்க்கிற ஒருவனோடு ஓர் அறையில் இருந்தேன். சோறு தின்றேன், ஷிஃப்டுக்குப் போனேன், தூங்கினேன். அடுத்த ஞாயிறு மாமனாரிடம் நாடகத்தைப் பற்றி என்ன சொல்லலாம் என்று லேத் பக்கத்தில் நின்று யோசிப்பேன். வாரத்தில் நானாக யோசித்தது அது ஒன்றைத்தான்.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு ஞாயிறு நாடகம் முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார், வரும் வாரத்தோடு இந்தத் தொடர் நிறைவு பெறுகிறது என்று. மாமனார் ஸ்டூல்மேல் ஏறியவர் ரேடியோவை அணைக்காமல் நின்றார்.

"அதெப்படிங்க நிறுத்துவானுங்க? நல்லாத்தானே போயிட்டிருந்துது?" என்றார் தரகர். பிறகு அவரே முடிவும் சொன்னார். "ஊட்டுக்காரம்மா கண்டுபுடிச்சுருவா. சட்டி பானையெல்லாம் தெருவுல வந்து விழுகும் பாருங்க."

"இல்லா, இல்லா. அவன் சத்தியம் பறஞ்சிட்டு, உண்மைய ஒத்துக்கிட்டு, அவனே போயிடுவான்" என்றார் மாஷ். இத்தனை வருஷம் எங்களோடு இருந்தும் அவர் தமிழில் பாதி மலையாளம்தான்.

"ஊட்டுக்காரம்மாளுக்கு ஒரு மக இருக்குதில்லீங்க? அவளக் கட்டிக்கட்டும். எத்தன நாளைக்குத்தான் பாவம் அவனும் ஒத்தையிலயே..." என்று சொல்லிவந்த மில் அக்கா என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அப்போது வீட்டுக்குள் போகிற கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. அத்தை நாடகம் கேட்பார் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

"அவ வந்துருவா" என்றார்.

கடைசி நாள் கடை நிறைந்துவிட்டது. நாடகமே கேட்காத இரண்டு மூன்று பேரும் என்ன ஆகிறது பார்ப்போம் என்று வந்து நின்றார்கள். குமாஸ்தா வீட்டைக் காலி பண்ண மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று திட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு ரிக்‌ஷா வந்து நிற்கிற சத்தம். அதுவரைக்கும் நாங்கள் கேட்டேயிராத ஒரு பெண்குரல், "கொஞ்சம் தண்ணி குடுங்க, ரொம்ப தூரத்துலேருந்து வரேன்" என்றது. உடனே இசை. முடிந்துவிட்டது.

மில் அக்கா கை தட்டினார். தரகருக்கு ஒப்பவில்லை. "இதென்னங்க, கடசீல கொண்டாந்து நிறுத்திட்டா ஆச்சா? இத்தன நாளு எங்கிருந்தாளாம்?" என்று சத்தம் போட்டார். மாஷுக்கு வேறொரு கேள்வி. சண்டை போட்டுப் போனவளென்றால் ஏன் திரும்பினாள் என்று ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டாமா என்றார். வந்துட்டாளே, அதுக்கு மேல என்ன வேணுமுங்க என்றார் மில் அக்கா. வெகுநேரம் விவாதம் நடந்தது.

மாமனார் அதில் கலந்துகொள்ளவில்லை. யாரோ தவிடு கேட்டு வந்தார்கள். எழுந்து நிறுத்துக் கொடுத்தார். எல்லாரும் போன பிறகு தராசைத் துடைத்துக்கொண்டே, "அம்மிணி சொன்னபடியே ஆயிப்போச்சுங்க" என்றார்.

அவள் போன பிறகு அவர் வாயிலிருந்து அவளைப் பற்றி வந்த முதல் பேச்சு அது.

"ஆமாங்க மாமா" என்றேன். அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் மாஷின் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் ஏன் திரும்பி வந்தாள்? நாடகத்தில் வந்தவளைத்தான் சொல்கிறேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். அந்த நேரத்தில் ரேடியோவில் தென்னையில் வருகிற காண்டாமிருக வண்டைப் பற்றி ஒருவர் பேசினார். தரகரும் வரவில்லை, மற்றவர்களும் வரவில்லை. நானும் மாமனாரும் மட்டும் முழுப் பேச்சையும் கேட்டோம். எங்கள் இருவருக்கும் ஒரு தென்னைகூடக் கிடையாது.

கிளம்பும்போது மாமனாரும் முக்குவரை கூடவே நடந்து வந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். சந்தைத் திடலுக்கு எதிரே நின்றார்.

"தப்பா நெனைக்கக் கூடாது மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"நீங்க வந்துட்டுப் போற அன்னிக்கெல்லாம் உங்க அத்தை ராத்திரிக்குச் சோறு திங்கறதில்லீங்க. மக்யா நாளு, திங்கக்கெழமையும் அப்படித்தான். உங்க கேரியரையே பாத்துட்டு நிக்கறா. நாடகம் ஓடுன வரைக்கும் இதச் சொல்றதுக்கு எனக்கு மனசு வரல. கொஞ்ச நாளைக்கு நீங்க வராம இருந்தீங்கன்னா..."

"சரிங்க மாமா."

சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன். வருத்தப்பட்டேனா, கோபப்பட்டேனா? இரண்டும் இல்லை என்றுதான் நினைவு. எதிர்க்காற்று பலமாக இருந்தது, நின்று மிதிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அறையிலேயே கிடந்தேன். துணி துவைத்தேன். உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஓவர்டைம் கொடுத்தால் போனேன். மழைக்காலம் அப்படியே கழிந்தது.

மழை விட்ட பிறகு ஒரு ஞாயிறு சாயங்காலம், ராத்திரி ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருந்தபோது, யாரோ தேடி வந்திருப்பதாக அறைக்கூட்டாளி வந்து சொன்னான். வெளியே மாமனார். வெள்ளை வேட்டி, கையில் பை. பதறிப்போய், "அத்தைக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டேன்.

"அவ நல்லாருக்கறா. வாங்க, டீ குடிக்கலாம்."

ரோட்டோரக் கடையில் உட்கார்ந்தோம். டீ வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"புதுசா ஒரு நாடகம் போடறானுங்க. கேட்டீங்களா?"

"எங்கிட்ட ரேடியோ இல்லீங்களே மாமா."

"தெரியுமுங்க" என்றார். "சொல்லலாம்னுதான் வந்தேன்."

ஒரு வக்கீல், அவனுக்குக் கேஸே வராது, அவனுடைய குமாஸ்தாதான் ஊரில் சண்டை மூட்டிவிட்டுக் கேஸ் பிடித்துக்கொண்டு வருவான் என்று தொடங்கினார். அவருக்குக் கதை சொல்ல வராது. யார் யாருக்கு மச்சான் என்பதை மறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஓரிடத்தில் ஜட்ஜ் மாதிரியும் வக்கீல் மாதிரியும் மாற்றி மாற்றிப் பேசிக் காட்டப் போய் இரண்டு குரலும் ஒன்றாகிவிட்டது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தேன், அந்தச் சத்தம் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"நல்லாவே இல்லீங்க இது. பழசு மாதிரி வராது" என்றார் கடைசியில்.

"ஜட்ஜு பொண்ணு வக்கீலக் கட்டிக்குவாளாட்ட இருக்குதுங்க மாமா" என்றேன்.

"எப்படிச் சொல்றீங்க?" என்று அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வேலந்தாவளம் போகிற பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.