கடிக்கிற மகளோடு கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் வரை

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், நாலு வயசு மகள் ராணியை இழுத்துக்கொண்டு திருவள்ளூருக்குப் போனேன். காரணம் சொல்ல வெட்கமென்ன? அவள் கடிப்பாள். இரண்டு பள்ளிக்கூடத்தில் "கூட்டிக்கினு போயிடுங்க" என்றுவிட்டார்கள். திருவள்ளூரில் ஒரு மாண்டிசோரி பள்ளி இருக்கிறது, அங்கே அடிக்கவே மாட்டார்கள், ராணி தன் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும் என்று அதே ஊர் மணவாள நகரில் இருந்த நாத்தனார் சொல்லியனுப்பினாள். அதுவும் இல்லையென்றால் ராணிக்குப் படிப்பே இல்லை.

காலை ஆறு மணிக்கு பஸ். பெரியபாளையத்தில் இறங்கி வேறு பஸ். ஐம்பது கிலோமீட்டர்தான், எனக்கோ டெல்லிக்குப் போகிற மாதிரி இருந்தது. கண்டக்டர் ராணி கையிலிருந்த டிக்கெட்டை வெடுக்கென்று பிடுங்கினார். கவ்விவிட்டாள்.

"இன்னாம்மா, புள்ளைய பெத்தியா, பூனைய பெத்தியா?" என்று கையை உதறினார். மானம் போயிற்று. அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் சின்னப் பெண்தான். எனக்கொரு குட்டி நாற்காலி போட்டு, "ஒரு மணி நேரம் சும்மா பாருங்கம்மா. எழுந்திருக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது" என்றார். சும்மாவா? நான் உட்கார்ந்து சாப்பிட்டே வருஷமாகிறது!

ராணி கூஜாவிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்னொரு பெண் வந்து கூஜாவைப் பிடித்தாள். ராணி வாயைத் திறந்தாள். நான் பாதி எழுந்துவிட்டேன். டீச்சர் என்னைக் கையமர்த்திவிட்டு, அவர்கள் பக்கத்தில் மண்டிபோட்டு, அந்தப் பெண்ணிடம், "ராணி இன்னும் முடிக்கல. முடிச்சிட்டுத் தருவா" என்றார்.

ராணி வாயை மூடினாள். சாவகாசமாக ஊற்றி முடித்தாள், சிந்தினதைத் துடைத்தாள், கூஜாவைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பாத்துக்கினேதான் இருந்தேன். கையில இருக்கிறத புடுங்கினாதான் கடிக்க வரா. மத்தபடி ஒண்ணுமில்ல" என்றார் டீச்சர்.

"அப்போ சேத்துப்பீங்களா?"

"புள்ளைய சேத்தாச்சும்மா. நீங்கதான் இன்னும் மூணு நாளு வந்து குந்தணும்."

நாத்தனார் வீட்டில் தங்கிப் போய் உட்கார்ந்தேன். கால் மரத்தது, வாய் நமநமத்தது. மூன்றாம் நாள் ராணி நேரே என்னிடம் வந்தாள்.

"அம்மா, நீ ஊட்டுக்குப் போ. எனக்கு வேலை இருக்குது."

இப்படிப்பட்ட பள்ளிக்குப் போகிறவர்கள் வெயிலுக்கு முன்னால் போய்ச் சேருங்கள். பஸ்ஸை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய கைக்குட்டையாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வாசலில் நின்று அழுததற்கு எனக்கு முந்தானை போதவில்லை.