வாங்கன்னு கேக்கக் கூடாதுன்னு நான் போட்ட ரூல்

ஹெட்செட் பஞ்சில் ஏறிப்போன தேங்காய் எண்ணெய் வாசனை... எங்காவது அது மூக்கில் பட்டால் போதும், காரைக்குடி செக்காலை ரோட்டு மாடி ரூம் கண்முன்னால் வந்துவிடும்.

என் முதல் வேலை. மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்காவில் யாரோ ஒரு டாக்டர் பேசிப் பதிவு செய்து அனுப்புவார், அதைக் காதில் கேட்டு நாங்கள் டைப் அடிக்க வேண்டும். ஏழு பெண்கள், மனசு வந்தால் மட்டும் ஓடுகிற ஒரு ஏசி. எனக்குப் பக்கத்து சீட் தேன்மொழி. நேமத்தான்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஆபீசில் எனக்கு இருந்த ஒரே நெருங்கிய சிநேகிதி.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியும்தானே... வாசலில் யார் வந்தாலும் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் தனித்தனியாக "வாங்க" என்று கேட்க வேண்டும். ஒருத்தர் விட்டுப்போனாலும் தொலைந்தது. "அந்த வீட்ல சின்னவ வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை" என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் பேச்சு ஓடும்.

ஆபீசிலும் அதே கதைதான். கதவு திறந்தால் ஏழு ஹெட்செட்டும் கழுத்துக்கு இறங்கும். தண்ணீர் கேன் போடுகிற அண்ணனுக்கு ஏழு "வாங்க". கொரியர்காரருக்கு ஏழு "வாங்க". அவர் கையெழுத்து வாங்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்பார்.

இரண்டாவது வருஷம் ஓனர் என்னை எங்கள் ரூமுக்கு டீம் லீடர் ஆக்கினார். வேறு ஊர்களிலும் அவருக்கு டீம்கள் இருந்தன. வேகமாக டைப் அடிப்பேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. "மத்த டீமெல்லாம் முன்னாடி போயிட்டாக, நம்ம மட்டும் ஏன் பின்னாடியே நிக்கிறோம் சுமதி?" என்று கேட்டார். நான் ஒரு நாள் பூராவும் கதவையே கவனித்தேன். ஒவ்வொரு "வாங்க"வுக்கும் டாக்டர் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது, மறுபடி பின்னால் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் நின்று சொன்னேன். "இனிமே யாரு வந்தாலும் வாங்கன்னு கேக்க வேணாம். தலையையே தூக்க வேணாம்."

"வர்றவுக என்னடி நெனைப்பாக?" என்றாள் தேன்மொழி.

"இது ஆபீஸ். வீடில்லை."

"நீ வந்தாலுமா?" என்று சிரித்தாள்.

"நான் வந்தாலும்தான்" என்றேன். புதுப் பதவி இல்லையா... தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

அந்த மாசமே எங்கள் டீம் முதலில் வந்தது. ஓனர் சுவரில் ஒரு சர்டிபிகேட் ஒட்டினார். நான் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொள்வேன்.

அப்புறம் அப்பா போய்விட்டார். தச்சு வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஆபீசிலிருந்து ஆறு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். தேன்மொழி என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஆனால் எனக்கு அழுகை வரவில்லை. அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது.

பதினாறு முடிந்து வேலைக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போது மனசுக்குள் ஒரே நினைப்புதான்... உள்ளே போனதும் யாராவது "வாடி" என்பாள், நான் உடைந்து அழுவேன், அழுதுவிட்டால் சரியாகிவிடும்.

கதவைத் திறந்தேன்.

யாரும் தலையைத் தூக்கவில்லை. கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது.

துக்க வீட்டில்தான் வருகிறவர்களை வாங்க என்று கேட்க மாட்டார்கள். அந்த ரூமுக்குள் நடந்துபோனது எனக்கு அப்படித்தான் இருந்தது. தேன்மொழியின் கண் ஒரு நொடி என் பக்கம் வந்துவிட்டுத் திரும்பவும் ஸ்கிரீனுக்குப் போனது. பயமா, கோபமா, நான் போட்ட ரூலுக்குக் கொடுத்த மரியாதையா... இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஹெட்செட்டை மாட்டினேன். யாருக்கோ நெஞ்சுவலி என்று ஒரு டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். டைப் அடித்தேன். நாலு மணிக்கெல்லாம் டார்கெட் முடிந்துவிட்டது.

ஓனர் எல்லோரையும் நிறுத்தினார். "பாத்தீகளா? அப்பா காரியம் முடிஞ்சு இன்னைக்குத்தான் வந்திருக்கு. இன்னைக்கும் சுமதிதான் ஃபர்ஸ்ட். இதுக்குப் பேருதான் ரெசிலியன்ஸ், மன உறுதி." எல்லோரும் கை தட்டினார்கள். தேன்மொழியும் தட்டினாள்.

மறுநாளே ரூலை எடுத்துவிட்டேன். "பழையபடி கேக்கலாம்" என்றேன். அதற்கடுத்த நாள் காலையில் கதவைத் திறந்ததும் ஆறு தலையும் ஒன்றாக நிமிர்ந்தது.

"வாங்க மேடம்."

யாரும் குத்திக்காட்டவில்லை. முதல் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த மாதிரியே இதற்கும் கீழ்ப்படிந்தார்கள், அவ்வளவுதான். தை மாசம் தேன்மொழிக்குத் திருப்பூரில் கல்யாணமானது. வேலையை விட்டுப் போய்விட்டாள். இதைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும்.

இப்போது அதே காரைக்குடியில், வீட்டு ரூமில் உட்கார்ந்து முப்பது பேருக்கு மேனேஜராக இருக்கிறேன். பாதிப் பேரை நேரில் பார்த்ததில்லை. காலையில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் பச்சை விளக்கு எரியும். வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அம்மாவும் இப்போது இல்லை. சில நாள் சாயங்காலம்வரை என் குரலை மீட்டிங்கில்தான் கேட்கிறேன்.

போன வாரம் லீடர்ஷிப் டிரெய்னிங். "நீங்கள் மன உறுதியோடு நின்ற ஒரு நாளைச் சொல்லுங்கள்" என்றார்கள். நான் அந்த நாளைச் சொன்னேன்... ஓனர் சொன்ன மாதிரியே சொன்னேன். ஸ்கிரீன் பூராவும் கைதட்டுகிற பொம்மைகள். "இன்ஸ்பைரிங்" என்றார் டிரெய்னர். அப்புறம் ஒவ்வொரு முகமாக அணைந்துபோனது.

மிச்சத்தை இங்கே எழுதிவிட்டேன். தேன்மொழி கண்ணில் பட்டால் படிக்கட்டும்.

அன்னைக்கு நான் உறுதியா எல்லாம் இல்லை தேனு. அழ இடமில்லாம டைப் அடிச்சேன்.