அக்கா ஏற வேண்டிய இருபத்திரண்டு படிகள்

2012-ஆம் வருடம், ஜூன் மாதம். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த நேரம். கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் நான் சிறியதாக ஒரு பட்டறை வைத்திருந்தேன். அதற்கு முன் ஒன்பது வருடம் குவைத்தில் லிஃப்ட் மெக்கானிக் வேலை. மோட்டார், கியர், பிரேக் என்று எதைக் கொடுத்தாலும் பிரித்து மேய்ந்துவிடுவேன் என்ற தலைக்கனம் எனக்கு அப்போது நிறையவே இருந்தது. அதை இறக்கிவைத்த சம்பவத்தைத்தான் எழுதுகிறேன்.

என் அக்கா பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. முந்தைய வருடம் ஸ்கூட்டரில் போனபோது தேங்காய் லாரி ஒன்று இடித்ததில் முதுகெலும்பு நொறுங்கியது. நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. ஒரு வருடச் சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியில் பள்ளிக்குத் திரும்பினாள். ஆனால் பிளஸ் டூ வகுப்புகளும் ஆய்வுக்கூடமும் மாடியில். நடுவில் இருபத்திரண்டு படிகள். லிஃப்ட் வைக்கப் பழைய கட்டடத்தில் இடமில்லை.

பள்ளித் தாளாளர் ஒரு பாதிரியார், நல்ல மனிதர். கீழேயே நூலகத்தைப் பார்த்துக்கொள்ளலாம், சம்பளம் குறையாது என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

“ஃபாதர், நான் பாடம் எடுக்கப் படிச்சவ. புஸ்தகம் அடுக்க இல்ல” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

அரையாண்டுத் தேர்வு வரை அவர் பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் அக்கா மாடிக்குப் போக வழி பிறக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுவிடுவார்கள். நாலு பேர் தூக்கிப் போகலாமே என்று கேட்பீர்கள். முதல் வாரம் அப்படித்தான் தூக்கினோம். மாணவர்கள் முன்னால் மூட்டைபோல ஏறி இறங்கிய அந்த வாரம் முழுவதும் அக்கா வீட்டில் ஒருவரோடும் சரியாகப் பேசவில்லை. அதன் பிறகு கீழே இருந்த சின்ன வகுப்புகளுக்கு மட்டும் பாடம் எடுத்தாள்.

அதனால் நானே ஒரு இயந்திரம் செய்தேன். அடியில் இரண்டு பக்கமும் பல் வைத்த ரப்பர் பட்டை, மேலே இருக்கை, பின்னால் பேட்டரி, மோட்டார். படியைக் கவ்விக்கொண்டு மெதுவாக ஏறும். சந்தைக்கு வருகிறவர்கள் அதற்கு ‘டேங்க்’ என்று பெயர் வைத்தார்கள். மீன்காரப் பெண்கள்கூடக் கூடையை இறக்கிவைத்து வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சோதனை செய்யாமல் அக்காவை ஏற்றிவிட நான் ஒன்றும் மடையன் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் எடை ஐம்பத்தெட்டு கிலோ. எங்கள் பக்கத்துக் கடற்கரையில் கறுப்பு மணல் உண்டு. மணவாளக்குறிச்சிப் பக்கம் கம்பெனிக்காரர்கள் எடுக்கிற அதே தாது மணல். கையில் அள்ளினாலே இரும்புத்தூள் மாதிரி கனக்கும். ஒரு சாக்கில் அதை நிரப்பி எடை போட்டேன். சாக்கு பாதிகூட நிறையவில்லை, அறுபது கிலோ வந்துவிட்டது. அதை இருக்கையில் கட்டி என் வீட்டு மாடிப்படியில் நூறு தடவையாவது ஏற்றி இறக்கியிருப்பேன். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. பிறகு நானே உட்கார்ந்து பத்துத் தடவை ஏறினேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

தாளாளரிடம் போய்ச் சொன்னேன். பிள்ளைகள் நடமாடும் படிக்கட்டு, அதிகாரம் உள்ள ஒரு சோதனைக்கூடம் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் அனுமதிப்பேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்த்தவனிடம் சீட்டு கேட்கிறாரே என்று வாசல் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். வேறு வழியில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு சோதனைக்கூடத்துக்கு எழுதிப் போட்டேன். இந்த மாதிரிக் கருவியை எந்த விதியில் சேர்ப்பது என்று அவர்களுக்கே குழப்பம். நாலைந்து கடிதம் போய் வந்த பிறகு, எந்தப் படியில் ஓடப்போகிறதோ அந்தப் படியிலேயே வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

சோதனைக்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் அக்காவையும் டேங்க்கையும் வேனில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிட்டால் மறுநாள் அக்காவுக்குப் பயம் இருக்காது என்று என் கணக்கு.

“ஏறுக்கா, ஒரு தடவ பாத்துருவோம்.”

“சீட்டு வரட்டும்லே.”

“எம்மேல நம்பிக்க இல்லியா?”

“ஒம்மேல உண்டு மக்கா. மெஷின்மேலதான் இன்னும் வரல்ல. லேப்ல நான் பாக்காம எந்தப் பிள்ளையையாவது சுவிட்சு போட விட்டிருக்கேனா? எனக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?”

எவ்வளவோ கெஞ்சினேன். கடைசியில் கத்தவும் செய்தேன். அக்கா அசையவில்லை. திரும்பும் வழியெல்லாம், என் உழைப்பை இவளே மதிக்கவில்லையே என்று மனம் கொதித்தது.

மறுநாள் வந்த சோதனை அதிகாரியைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. என்னைவிடப் பத்து வயது குறைந்த பெண். சொந்த ஊர் மார்த்தாண்டமாம். கையில் ஒரு பை, கூட வந்தவர் தோளில் ஒரு மரப்பொம்மை. துணிக்கடைப் பொம்மை மாதிரி அழகாக இருக்காது. முண்டமும் தலையும் தொடையும் தனித்தனியாகச் செய்து பூட்டியது. நெஞ்சுப் பகுதியில் இரும்புக் கட்டிகள்.

அந்தப் பெண் முதலில் டேங்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படியின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து எழுதினாள். அதற்கே முக்கால் மணி நேரம். பிறகு, நான் எப்படிச் சோதித்தேன் என்று கேட்டாள். சாக்கை எடுத்துக் காட்டினேன். அதை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“எந்த மணல் அண்ணா?”

“நம்ம கரை மணல்தான் மேடம். எடை போட்டுத்தான் வச்சேன்.”

அதைக் குறித்துக்கொண்டாள். பொம்மையை இருக்கையில் வைத்துக் கட்டினாள். கீழே நின்ற எல்லோரையும், அக்காவையும் என்னையும் சேர்த்து, தூரப் போகச் சொன்னாள். இயக்குகிற பொத்தானை நீளமான ஒயரில் மாட்டித் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

டேங்க் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழாவது படியைத் தாண்டி எட்டாவதைப் பிடிக்கும்போது மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினாள். நடுப்படியில் பேட்டரி போய்விட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கு. என் கியர் பூட்டிக்கொண்டு அப்படியே நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நினைத்தபடி நிற்கவும் செய்தது. ஆனால் நின்ற அந்தக் குலுக்கலில் பொம்மையின் நெஞ்சு பின்னால் சாய்ந்தது. முன்பக்கம் படியை விட்டு மெல்ல எழும்பியது. அடுத்த நொடி டேங்க் மல்லாக்கப் புரண்டு எட்டுப் படியும் உருண்டு கீழே வந்தது. இருக்கைக்கு அடியில் மாட்டிய பொம்மையின் தலை, கடைசிப் படியின் கருங்கல் விளிம்பில் மோதிக் கழன்று, அக்காவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றது.

தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஏற்றிப் பார்க்கத் துடித்தது இதே படியில்தான், இதே இயந்திரத்தில்தான்.

முதலில் பேசியது அக்கா.

“சாக்குல மணல் எம்பிடு ஒசரம் வந்துச்சு?”

கையால் காட்டினேன். இருக்கையிலிருந்து ஒரு சாண், கூடினால் இன்னும் நாலு விரல்.

“கனமெல்லாம் கீழயே கெடந்திருக்கு. மனுசனுக்குக் கனம் நெஞ்சுலலா இருக்கும்? ஒம்பதாங் கிளாஸ் பாடம்லே இது. நானும் ஒரு வார்த்த கேக்காமப் போயிட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சாதாரண ஆற்று மணலைப் போட்டிருந்தால் அதே எடைக்குச் சாக்கு நெஞ்சு உயரம் வந்திருக்கும். என் வீட்டுப் படியிலேயே எனக்குப் புத்தி வந்திருக்கும். எங்கள் கரை மணலின் கனம் என்னை ஏமாற்றிவிட்டது. அது மட்டுமில்லை. நான் உட்கார்ந்து ஏறியபோது எனக்கே தெரியாமல் முன்னால் குனிந்து பிடித்திருக்கிறேன். அக்காவால் அப்படிக் குனிய முடியாது. அது என் மண்டையில் ஏறவே இல்லை.

அந்தப் பெண் படிவத்தை எடுத்தபோது என் தலைக்கனம் கடைசியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தது. ஃபெயில் என்று எழுத வேண்டாம், சின்னத் திருத்தம்தான், ஒரு வாரத்தில் சரிசெய்துவிடுவேன் என்று கேட்டேன்.

“எழுதல்லேன்னா இதையேதான் கொஞ்சம் தட்டி ஒடுக்கெடுத்துக் கொண்டு வருவீங்க அண்ணா. எழுதினாத்தான் புதுசாச் செய்வீங்க” என்றாள். சொல்லிவிட்டு எழுதியும் விட்டாள். காரணத்தைக் கீழே ஒரு பக்கம் முழுக்க விளக்கியிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அடுத்த டெஸ்ட் எப்பம்லே?”

டேங்க்கை அக்கக்காகப் பிரித்தேன். இந்தத் தடவை அக்காவும் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தாள். பள்ளி விட்டதும் நேராக வருவாள், பலகையில் படம் வரைந்து கணக்குப் போடுவாள். இருக்கையைத் திருப்பி வைத்தோம். இப்போது அக்கா கீழ்ப்பக்கம் பார்த்தபடி, முதுகு மேல்படிப் பக்கம் சாய்ந்தபடி ஏற வேண்டும். பேட்டரியை டேங்க்கின் அடிவயிற்றுக்கு இறக்கினோம். பட்டையை ஒரு முழம் நீட்டினோம். குலுங்காமல் நிற்க வேறு பிரேக். நெஞ்சுக்குக் குறுக்கே வார். சாக்கை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடம் அளவு வாங்கி, பலாக்கட்டையில் ஒரு பொம்மையும் நானே செய்தேன்.

அக்டோபரில் இரண்டாவது சோதனை. எட்டாவது படியில் மின்சாரத்தை நிறுத்தினாள், டேங்க் அசையவில்லை. பன்னிரண்டில் நிறுத்தினாள், அசையவில்லை. படியெல்லாம் தண்ணீர் ஊற்றினாள், வழுக்கவில்லை. கடைசிப் படியில் மாட்டிக்கொண்டோம். மாடி வராந்தாவுக்குப் பிற்பாடு டைல்ஸ் போட்டதில் அந்த ஒரு படி மட்டும் இரண்டு விரல் உயரம் அதிகம். முதல் நாளே அவள் அளந்து எழுதியிருந்தாள், நான்தான் கேட்டு வாங்கவில்லை. அதைத் தாண்டி டேங்க் தொம்மென்று விழுந்ததில் பொம்மையின் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபடியும் ஃபெயில். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வாரமே வேலையைத் தொடங்கினோம். அரையாண்டுத் தேர்வுக்கு மீதி இருந்தது ஏழு வாரம்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்பு, மூன்றாவது சோதனையில் சான்றிதழ் கிடைத்தது. அதிலும் ஏகப்பட்ட நிபந்தனைகள். இந்தப் படிக்கட்டில் மட்டும்தான் ஓட்ட வேண்டும், பழகிய ஒருவர் எப்போதும் மேலே நின்று பிடிக்க வேண்டும், தினமும் காலையில் பிரேக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மாதம் முந்தைய நான் என்றால் கிழித்துப் போட்டிருப்பேன். இப்போது கண்ணாடித் தாள் ஒட்டி டேங்க்கிலேயே பதித்து வைத்தேன்.

திங்கட்கிழமை காலை மணி அடித்ததும் அக்கா ஏறினாள். கீழே பிளஸ் டூ பிள்ளைகள் மொத்தமும் நின்றார்கள். முகம் கீழ்ப்பக்கம் இருந்ததால் ஏறுகிற நேரமெல்லாம் அவர்களைப் பார்த்துக்கொண்டே போனாள். மேலே போய் இறங்கியதும், “எதுக்கு வாயப் பொளந்துட்டு நிக்கிய? ஏறி வாங்க, கிளாஸுக்கு நேரமாச்சு” என்று ஒரு சத்தம் போட்டாள். தூணுக்குப் பின்னால் போய் நின்று நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதன் பிறகு அக்கம்பக்கத்தில் மூன்று பேருக்கு அதே மாதிரி செய்து கொடுத்திருக்கிறேன். மூன்றும் அந்தந்தப் படியிலேயே சோதனை முடிந்துதான் கைமாறின. இனயம் என்ற ஊரில் ஒருவர், “ஒன் அக்காளுக்குச் செஞ்சு குடுத்த, எனக்குன்னா பேப்பர் வேணுமோ?” என்று என்னைக் கிழித்து எடுத்துவிட்டார். நன்றாகத் திட்டட்டும் என்று நின்றேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நானும் ஒரு காலத்தில் சொன்னதுதான்.

அன்றைக்கு எட்டாவது படியிலிருந்து உருண்டது வெறும் மரப்பொம்மை, அக்கா இல்லை. சீட்டு கேட்ட பாதிரியாரும், விட்டுக்கொடுக்காத அந்தப் பெண்ணும், என் கெஞ்சலுக்கு மசியாத அக்காவும் அதற்குக் காரணம். அக்காவை உயிராக நினைத்த எனக்கு மட்டும் அதில் பங்கில்லை என்பதை மறக்காமல்தான் இன்றுவரை வேலையில் கை வைக்கிறேன்.